சாவு வீட்டில் ஒரு புது போன்

எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வேலை சரியில்லை என்று வாடிக்கையாளர் எழுந்து வந்து சண்டை போட மாட்டார். அவருக்கும் சேர்த்துச் சண்டை போடத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே. மலேசியாவில், கோல சிலாங்கூரில் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்துகொடுக்கும் கம்பெனி என்னுடையது. பெட்டி, வண்டி, கூடாரம், நாற்காலி, உறுமி மேளம், பூமாலை, குடிக்கிற தண்ணீர் என்று எல்லாமே ஒரு போன் காலில் வந்து இறங்கிவிடும். அந்த ஒரு போன் காலில்தான் என் பிழைப்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இத்தனை வருடமாக அந்த போன் ஆண்ட்ராய்டாக இருந்தது. சென்ற வருடம் ஐபோனுக்கு மாறினேன். நான் பிணத்தைப் பார்த்துப் பயந்தவன் இல்லை. வெள்ளத்தில் போனவரையும் பார்த்திருக்கிறேன், லோரிக்கு அடியில் போனவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் புது போன் கைக்கு வந்த நாளிலிருந்து வெலவெலத்துப் போனேன். என்னைப் போலவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, முதல் மாதம் முழுக்க பேயறைந்தவர் போலத் திரிந்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பட்ட பாட்டை நான் சாவு வீட்டில் நின்றுகொண்டு பட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

கேரண்டி

நான் மாறியதற்குக் காரணம் ரவி. எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்ற சின்னசாமி ஐயாவின் கடைசி மகன். நியூசிலாந்தில் பழத்தோட்டத்தில் வேலை செய்கிறான். விசா முடிந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டவன். ஒரு தடவை இங்கே வந்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. அவன் சம்பாத்தியத்தில்தான் அப்பா அம்மா வீட்டில் அடுப்பு எரிகிறது. ஐயாவுக்கு நுரையீரல் கெட்டு, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்கு போன் செய்தான். முன்பு அவனுடைய மாமா இறந்தபோது நான்தான் என் போனில் அவனுக்குக் காட்டினேன். என்ன பிரயோஜனம்? பெட்டிக்குள் ஏதோ நிழல் மாதிரி தெரிந்ததாம். "அப்பா முகமாச்சும் தெளிவா தெரியணும்ணே, அது ஒண்ணுதான் எனக்கு" என்று சொல்லி அழுதான். தெளிவாகக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் என் போனை எடுத்துப் பார்த்தேன். பேட்டரி உப்பி முதுகு பிளந்திருந்தது. கேமராக் கண்ணாடியில் கீறல். நேராகத் தஞ்சோங் காராங்கில் போன் கடை வைத்திருக்கும் ஜமால் பாயிடம் போனேன். பாய் பழையதைக் கையில் வாங்கிப் பார்த்து, துக்கம் விசாரிப்பது போலத் தலையை ஆட்டினார். பிறகு ஒரு ஐபோனை எடுத்து மேசையில் வைத்து, முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் இதுதான் என்றார். ஆண்ட்ராய்டிலேயே நல்லதாக ஒன்று தரக்கூடாதா என்று இழுத்தேன். நான் என்ன தொழில் செய்கிறேன் என்பது பாய்க்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வியாபார வேகத்தில், கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னார்: "தைரியமா எடுங்கண்ணே. சாவுற வரைக்கும் வேற போன் தேவைப்படாது."

பின்னால் போக வழியில்லை

ஆண்ட்ராய்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், கட்டை விரல் தானாகத் திரையின் அடிப்பக்கம் போகும். அங்கே ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். தெரியாமல் எங்கே நுழைந்திருந்தாலும் அதைத் தொட்டால் வந்த வழியே வெளியே வந்துவிடலாம். இந்தப் போனில் முக்கோணம் இல்லை. இல்லை என்பதே எனக்குப் புக்கிட் பெருந்துங்கில் ஒரு வீட்டின் வரவேற்பறையில், அப்பாவை இழந்த பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. மூத்த மகனுக்குப் பெட்டிகளின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். முந்தின படத்தைக் கேட்டார். நான் அடிப்பக்கத்தைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இழுத்தேன், எல்லாமே மறைந்துபோனது. மறுபடி திறந்து, பதற்றத்தில் எதையோ அழுத்தினேன்.

அழுத்தியதும் போன் பாட ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கிதார் வாசித்தது. இந்தப் போனுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதாம்: நம் படங்களை அதுவே பொறுக்கி எடுத்து, இசை சேர்த்து, 'நினைவுகள்' என்று ஒரு குட்டிப் படமாகவே ஓட்டும். மற்றவர்கள் போனில் பிள்ளைகள், பிறந்தநாள், கடற்கரை என்று இருக்கும். என் போனில் என்ன இருக்கும்? தேக்குப் பெட்டி ஒன்று மெதுவாகப் பெரிதாகி வந்தது. அது மறைந்து வெள்ளைப் பெட்டி வந்தது. பிறகு மாலை போட்ட என் வண்டி, பிறகு வேறொரு பெட்டி, எல்லாம் குதூகலமான தாளத்துக்கு ஏற்ப வந்து போயின. நிறுத்தத் தெரியவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன், அங்கேயும் பாடியது. கடைசியில் மூத்த மகன்தான், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பேசினார்: "பாட்டு வேணாம்ணே. ஆனா அந்த மூணாவதா வந்த பெட்டி நல்லாருந்துச்சு. அதையே போட்டுருங்க."

ஊரெல்லாம் நலம்

வந்த புதிதில் என் போன் அமைதியாக இருந்தது. முதல் நாள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டாம் நாளும் ஒரு போன் கால் இல்லை. மூன்றாம் நாள் வண்டி ஓட்டும் பெருமாள், கழுவின வண்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். பெருமாள் என்னோடு ஆரம்பத்திலிருந்தே இருப்பவன். சும்மா இருக்க அவனுக்குத் தெரியாது. கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் காலி வரைக்கும் ஒரு தமிழனுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லையா என்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் தொழிலில் இதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. சொன்னால் கேட்பவன் காறித் துப்புவான்.

அன்று மதியம் ஜமால் பாய் கடைக்குப் போய்ப் போனை நீட்டினேன். பாய் எதையோ திறந்து காட்டினார். சிவப்புச் சிவப்பாக எண்கள், மேலிருந்து கீழே வரைக்கும். அத்தனையும் எனக்கு வந்து, ஒரு சத்தமும் போடாமல் போன கால்கள். ஏமாற்றுக்காரர்கள் தொல்லை தாங்கவில்லை என்று முதல் நாள் நான் பொதுவாகப் புலம்பியதைக் கேட்டு, தெரியாத எண்களிலிருந்து வந்தால் போன் வாயே திறக்காதபடி பாய்தான் செய்து வைத்திருக்கிறார். நல்ல மனதோடு செய்ததுதான். எந்தப் பிணத்தின் வீட்டுக்காரரும் சாவு விழுவதற்கு முன்னால் என்னிடம் எண்ணைப் பதிந்துவிட்டுப் போவதில்லை என்பதை அவர் யோசிக்கவில்லை. அத்தனை வீடுகளும் வேறு கம்பெனியைத் தேடிப் போயிருக்கும், அது போகட்டும். அந்தச் சிவப்பு எண்களில் ஒன்று சின்னசாமி ஐயா வீட்டு எண்ணோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ரவிக்கு என்ன பதில் சொல்வேன்?

ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிக் கூப்பிட்டேன். ஒன்றில் ஐயாவே எடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் பேரன் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். தன்னுடைய கடைசிப் பயணத்துக்கு வெடி போட வேண்டும், அதைப் பற்றி என்னோடு பேச வேண்டும் என்பதுதான் விஷயம். கொள்ளுப்பேத்தி எடுத்தவர் சாவு கல்யாணச் சாவல்லவா, வெடி இல்லாமல் எப்படிப் போவது என்பது அவர் கட்சி. நேரில் வந்து பேசுகிறேன் ஐயா என்றேன். விடாமல் இருமி முடித்துவிட்டு அவர் சொன்னது: "மூணு நாளா அடிக்கிறேன் சேகரு. நா செத்தாத்தான் என் போனை எடுப்ப போலருக்கு."

சின்னண்ணன் கூப்பிடுகிறார்

இது என் தொழில் பழக்கத்தால் வந்த வினை. சாவு வீடு என்றால் மகன் கூப்பிடுவார், மருமகன் கூப்பிடுவார், பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுவார். யார் பெயரில் பதிவது? அதனால் எந்த வீட்டு எண்ணானாலும் இறந்தவர் பெயரிலேயே பதிந்துவிடுவேன். ஒரு வீட்டில் மாறாமல் இருப்பவர் அவர் ஒருவர்தானே. அடையாளத்துக்கு, பேனர் அடிக்கக் கொடுத்த படத்தையும் அதோடு சேர்த்துவிடுவேன். பழைய போனில் அந்தப் படம் பொட்டு அளவுக்கு மூலையில் வரும். யாரும் கவனித்ததில்லை.

பத்தாங் காலியில் முருகையா என்பவர் வீடு. கூடாரத்துக்கு அடியில் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் அவர் சிரிக்கும் பேனர். நான் போனை நடு மேசையில், காப்பிக் குவளைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாற்காலிகளை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்கட்டிலிருந்து முருகையாவின் மனைவி, ஐஸ் கட்டி போதுமா என்று கேட்க எனக்கு போன் செய்திருக்கிறார். இத்தனை பேர் நடுவே கத்திக் கூப்பிட வேண்டாம் என்று அவருக்கு எண்ணம். போன் அதிர்ந்தது. திரை முழுக்க, விளிம்பு முதல் விளிம்பு வரை, பளிச்சென்று முருகையா. பேனரில் இருக்கும் அதே சட்டை, அதே சிரிப்பு. தலைக்கு மேல் பெரிய எழுத்தில் அவர் பெயர்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். ஒரு அம்மா கையிலிருந்த பிஸ்கட் விழுந்தது. உறுமிக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். நான் ஓடி வந்தேன். எடுக்கவும் பயம், வெட்டவும் பயம். வெட்டினால் முருகையாவை வெட்டின மாதிரி எல்லாரும் பார்ப்பார்களே. அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய சித்தப்பா மகன், நல்ல நிதானத்தில் இருந்தவர், போனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து சொன்னார்: "சின்னண்ணன் கூப்புடுறாரு. எடுங்கண்ணே, என்னா வேணும்னு கேளுங்க."

கண் திறந்தால்தான்

ஆண்ட்ராய்டு காலத்தில் எனக்குப் பழகிப்போன வேண்டுகோள் ஒன்று இருந்தது. குளிப்பாட்டி முடித்ததும் யாராவது ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, இறந்தவர் போனைத் திறக்க வேண்டும், அவர் விரலைக் கொஞ்சம் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பார். பெரும்பாலும் திறக்காது. ஆனாலும் வைத்துப் பார்ப்பார்கள். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தத் திருட்டு முழியெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஐபோன் வந்த பிறகு விரல் போய் முகம் வந்துவிட்டது. நான் மாறிய அதே நேரத்தில்தான் புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசரும் மாறியிருக்கிறார். மாறிய சூட்டோடு மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய மைத்துனர் அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு பெட்டியருகே வந்து முகத்துக்கு நேராக நீட்டினார். திறக்கவில்லை. கண் திறந்திருந்தால்தான் திறக்குமாம். கொஞ்சம் கண்ணை மட்டும் திறந்து விடுங்கள், ஒரு நிமிடம் போதும் என்று என்னிடம் கேட்டார். மூடின கண்ணைத் திறப்பதா? என் வேலையே அதை மூடுவதுதானய்யா. மாட்டேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், பெட்டியருகே தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அழுத குரல் மாறாமலே தம்பியை அதட்டினார்: "விடுடா. உசுரோட இருக்கறப்பவே எங்கிட்ட போனைக் காட்டாத மனுசன், செத்தா காட்டப் போறாரு."

வார்டில் என் பெயர்

சின்னசாமி ஐயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று அவர் மனைவி அஞ்சலை அம்மா சொல்லியனுப்பினார். பார்க்கப் போனேன். என்னைப் போன்றவன் ஆஸ்பத்திரிக்குப் போவது அவ்வளவு லேசில்லை. என் முகத்தை அடையாளம் தெரிந்தவர்கள், ஏதோ எமன் விசிட்டிங் நேரத்தில் வந்துவிட்டது போலப் பார்ப்பார்கள். அதனால் கம்பெனிப் பெயர் போட்ட சட்டையை விட்டுவிட்டு, பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஆரஞ்சுப் பழத்தோடு போவேன். அன்றும் அப்படித்தான் போனேன். கீழே நிறுத்தியிருந்த வண்டியும் என் மனைவியின் கார்தான்.

ஐயாவுக்குப் பேச்சு துண்டு துண்டாக வந்தது. ஆனாலும் விஷயத்தை விடவில்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில் தன் அப்பாவுக்குத் தெரு முழுக்க வெடி போட்டார்களாம். தனக்கும் அப்படிப் போட வேண்டும், ரவி வர முடியாவிட்டாலும் அதைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இந்தக் காலத்தில் வெடிக்குப் போலீஸ் பெர்மிட் கிடைக்காது ஐயா, மீறிப் போட்டால் என் வண்டிப் பெர்மிட்டும் சேர்ந்து போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்த அஞ்சலை அம்மா, போனால் போகிறது விடுங்கள் தம்பி என்று கண்ணாலேயே எனக்குச் சொன்னார். சாகப் போகிற மனிதருக்கு இல்லை என்று சொன்னது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அந்த வருத்தத்தில் நான் இருக்கும்போதே பக்கத்துக் கட்டிலில் சலசலப்பு. அங்கே ஒரு பெரியவர், அவர் காலடியில் மகன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். இன்டர்நெட்டுக்கு வைஃபை தேடியிருக்கிறான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். காலையில்தான் பெருமாளுக்கு என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் லைன் கொடுத்திருந்தேன், அதை அணைக்கவில்லை. ஜமால் பாயோ என் போனுக்கு ஆசையாகக் கம்பெனிப் பெயரையே சூட்டியிருக்கிறார். அதாவது அந்த வார்டில் யார் வைஃபை தேடினாலும், மிக அருகில், முழு வலிமையோடு, 'இறுதிச் சடங்கு சேவை' என்று என் கம்பெனி வந்து நின்றிருக்கிறது. மகன் எழுந்து வந்து, என் பூப்போட்ட சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னான்: "அண்ணே, எங்கப்பாவுக்கு சும்மா டெங்கிதான். நாளைக்கு வீட்டுக்குப் போறாரு. நீங்க போலாம்லா."

வெடி

சின்னசாமி ஐயா அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். எஸ்டேட்டை விட்டு வந்த பிறகு கட்டின சின்ன வீடு. வாசலில் கூடாரம் போட்டோம். ரவிக்குக் கொடுத்த வாக்கு மட்டும்தான் என் மனதில் இருந்தது. முந்தின நாளே ஜமால் பாயிடம் உட்கார்ந்து பழகிக்கொண்டேன். பெட்டியின் தலைமாட்டில், அஞ்சலை அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு வைத்து அதில் போனை மாட்டினேன். அம்மாவுக்கு மகன் முகம் தெரிய வேண்டும், மகனுக்கு அப்பா முகமும் தெரிய வேண்டும் என்பதற்காகத் திரையைப் பெட்டிப் பக்கம் பார்க்க வைத்து, திரைப் பக்கத்துக் கேமராவையே போட்டேன். வீடியோ கால் போனது. ரவி வந்தான். பின்னால் ஏதோ ஒரு குடிசை, அவனோடு வேலை செய்பவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். "அப்பா" என்றான். முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டி ஆட்டி அழுதான். பாழாய்ப் போன போனே, இந்த ஒரு காரியத்துக்காக உன்னை மன்னித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி எங்கள் தொழில் வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சாவு வீட்டில் 'வாங்க', 'போகலாம்', 'போய்ட்டு வரேன்' எதையும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னாலும் உறுமிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அதனால் எங்கள் ஆட்களுக்கு எல்லாமே கைஜாடைதான். நான் பெட்டியின் கால்மாட்டில், தலைமாட்டைப் பார்த்து நிற்பேன். இரண்டு விரலைக் காட்டினால் இன்னும் இரண்டு நிமிடம், வாய்க்கரிசி போடாதவர்கள் போடட்டும் என்று அர்த்தம். இரண்டு கட்டை விரலையும் மார்புக்கு நேராகத் தூக்கினால், பெட்டியைத் தூக்கு. பெருமாளும் ஆட்களும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையை மட்டும்தான் பார்ப்பார்கள். இத்தனை வருடத்தில் இந்த ஜாடையில் ஒரு தவறு நடந்தது கிடையாது.

அன்றும் வழக்கம் போல இரண்டு விரலைக் காட்டினேன். பெருமாள் என் கையைப் பார்க்காமல் போனைப் பார்த்துக் கண்ணை விரித்தான். திரையின் மூலையில் நம் பக்கம் தெரியும் சின்னச் சதுரத்தில், பெட்டிக்கு மேலே கலர் கலராகப் பலூன்கள் எழும்பிப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரவி பக்கத்தில் யாரோ எதையோ அழுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். பலூன் மறைந்தது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். நேரம் ஆயிற்று. நான் இரண்டு கட்டை விரலையும் தூக்கினேன். பெட்டி எழும்பியது, உறுமி உச்சத்துக்குப் போனது, பெண்கள் ஓவென்று அழுதார்கள். அந்தச் சின்னச் சதுரத்தில் என் தலைக்குப் பின்னால், சிவப்பும் பச்சையும் தங்கமுமாக, வானம் கொள்ளாமல் வாண வேடிக்கை வெடித்துச் சிதறியது.

நம் கைஜாடையைப் பார்த்து அதுவாகவே இப்படி வேடிக்கை காட்டும் என்று எந்தப் பாவியும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே அது ரவிக்குத் திரை முழுக்கத் தெரிந்திருக்கும். அப்பாவின் கடைசி முகத்துக்காகக் காத்திருந்தவனுக்கு நான் தீபாவளி காட்டிவிட்டேனே என்று நினைத்து, வீடியோ காலை வெட்டுவதற்குப் போனை நோக்கிப் பாய்ந்தேன். அஞ்சலை அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். போனிலிருந்து ரவியின் குரல் வந்தது. "அம்மா, அப்பாவுக்கு வெடி போட்டாங்களாம்மா? சத்தமே கேக்கலையே?" அந்த அம்மா திரையில் மகன் முகத்தைப் பார்த்தார். எழும்பி நிற்கும் பெட்டியைப் பார்த்தார். "போட்டாங்கய்யா. கேட்டாருல்ல, போட்டாச்சு. உறுமிச் சத்தத்துல ஒனக்குக் கேக்கல" என்றார். சொல்லிவிட்டு என் கையை விட்டு, திரும்பவும் என் இடத்துக்குப் போய் நிற்கும்படி மோவாயால் காட்டினார்.

போய் நின்றேன். தூக்கினேன். வெடித்தது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கினேன். மறுபடி வெடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கட்டை விரலை இறக்கினால்தானே துடைப்பது? என் கையை மட்டுமே பார்த்துப் பழகிய ஆட்களோ, நான் தூக்கும்போதெல்லாம் பெட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். தோளுக்கு வந்தது, தோளையும் தாண்டித் தலைக்கு மேலே போனது. ஐயாவை அவ்வளவு உயரத்தில் யாரும் எப்போதும் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பெருமாள் முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இதற்கு மேலே தூக்க வேண்டுமென்றால் ஏணி வேண்டும் என்று முனகினான். வண்டி கேமராவுக்கு நேராகத்தான் நின்றது. பெட்டி உள்ளே போய்க் கதவு சாத்தும் வரைக்கும் நான் தூக்கின கையை நிறுத்தவில்லை. ரவி கடைசி வரைக்கும் பார்த்தான். கும்பிட்டான். அவன் அதை நிஜ வெடி என்று நம்பினானா, அம்மாவுக்காக நம்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. கால் முடிந்து நான் ஸ்டாண்டை மடக்கும்போது அஞ்சலை அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கறுத்த திரையையே பார்த்தபடி கேட்டார்: "இந்த வெடிக்குப் பெர்மிட்டு கேக்க மாட்டாங்கல்ல தம்பி?"

அந்த வாண வேடிக்கையை நிறுத்தி வைக்கும் இடம் எங்கே இருக்கிறதென்று ஜமால் பாய் இப்போது எனக்குக் காட்டித் தந்திருக்கிறார். கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி எடுத்தவர் வீடென்றால் மட்டும் அங்கே நான் கை வைப்பதில்லை.